சுருளைப் பார்க்கும் முன் தையலைப் பாருங்கள்: ஓர் அம்மோனைட்டை வகைப்படுத்தும் முறை

"டீச்சர், இது என்ன அம்மோனைட்டு?" என்று கேட்டுக்கொண்டு யாராவது ஒரு கல்லை நீட்டினால், "எங்கே எடுத்தாய்?" என்பதுதான் என் முதல் கேள்வி. அடுத்து, "கொஞ்சம் தண்ணீர் கொண்டுவா" என்பேன். பெயர் கடைசியில்தான் வரும். பெரம்பலூர் வட்டாரத்தில் 27 ஆண்டுகள் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கல்லூரியில் இந்தப் பாடம் எனக்கு இரண்டே பக்கம்தான் இருந்தது. மீதியைக் கற்றுக்கொடுத்தவை காரை, கொளக்காநத்தம், கருடமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போன இடத்திலிருந்தும், மழை வடிந்த ஓடைகளிலிருந்தும் கொண்டுவந்து காட்டிய கற்கள்.

அப்படிக் கையில் கிடைத்த ஒரு சுருள் கல் எந்த வரிசையை (உயிரின வகைப்பாட்டில் குடும்பத்துக்கு மேலுள்ள படி) சேர்ந்தது, எந்தக் குடும்பம், முடிந்தால் எந்தப் பேரினம் என்று தாமாகவே கண்டறிய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் நான் விடாமல் வலியுறுத்தியது ஒன்றுதான். வெளி வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். ஓட்டுக்குள் இருந்த தடுப்புச் சுவர்கள் பதித்துவிட்டுப் போன கோட்டை முதலில் தாளில் வரையுங்கள். அந்தக் கோட்டுக்குத் தையல் என்று பெயர்.

அம்மோனைட்டுகள் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான தலைக்காலிகள். ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில் தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து மறைந்துபோனவை. இன்றைய நாட்டிலஸ் பார்ப்பதற்கு அவற்றின் உடன்பிறப்பு போல இருக்கிறது. ஆனால் உறவுமுறையில் ஓடே இல்லாத ஆக்டோபஸ்தான் அம்மோனைட்டுக்கு நாட்டிலஸைவிட நெருங்கியது. தோற்றத்தை நம்பி உறவு சொல்லக் கூடாது என்பதற்கு முதல் சான்று இதுவே. ஆட்டுக்கடாக் கொம்பு சூடிய எகிப்தியக் கடவுள் அம்மோனின் பெயரால் இவற்றுக்கு இந்தப் பெயர் வந்தது.

முதலில், அது அம்மோனைட்டுதானா?

காரை ஊரை அடுத்த களிமண் பள்ளத்தாக்குகளில் நடந்தால் மூன்று வகைச் சுருள்கள் கண்ணில் படும். வெயில் சாயும் நேரம் நல்லது. மண்ணில் உடைந்து கிடக்கும் ஜிப்சம் தகடுகளின் மினுமினுப்பு அப்போது அடங்கிவிடும், சுருள்களின் நிழல் நீண்டு தெரியும். கோல் கோலாகச் சிதறிக் கிடப்பவை பெலம்னைட்டுகள். அவையும் தலைக்காலிகளே, இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிறிய நாணயம் அளவில் ஒரு தளத்தில் சுருண்டு, ஓரம் தடித்த ஒன்று ஏராளமாகக் கிடைக்கும். பிள்ளைகள் முதலில் ஓடிவந்து காட்டுவது இதைத்தான். இது புழுக்குழாய். கடல்புழு தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் குழல். டியூபுலோஸ்டியம் என்ற பெயரை ஸ்டோலிஸ்கா இதற்குக் கொடுத்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உடைந்த இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். குழாய் நெடுக ஒரே வெற்றிடமாக, அல்லது ஒரே மண்ணாக இருக்கும். குறுக்குச் சுவர் ஒன்றுகூட இருக்காது. கடல் நத்தைக்கும் அப்படித்தான், உள்ளே அறைகள் கிடையாது.

அறைகள் இருந்தால் அது தலைக்காலி. அடுத்த கேள்வி: நாட்டிலஸா, அம்மோனைட்டா? இங்கே இரண்டுமே கிடைக்கும். தடுப்புச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் ஓட்டின் அடிவரை போகும். அறைகளிலிருந்து நீரை இழுத்து மிதவையைச் சரிசெய்ய அந்த விலங்கு பயன்படுத்திய குழல் அது. நாட்டிலஸில் அது சுவரின் நடுவாக்கில் போகிறது. அம்மோனைட்டில் சுற்றின் வெளி விளிம்பை ஒட்டிப் போகிறது. உடைந்த முகத்தில் குழலின் சின்ன வட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டெவோனியன் கடைசியில் வாழ்ந்த கிளைமீனியா வரிசையில் மட்டும் குழல் உட்புறத்தை ஒட்டியிருக்கும். அந்த ஒரு குணமே அவற்றைத் தனி வரிசையாக்கப் போதுமானதாக இருந்தது. நம் வட்டாரப் பாறைகள் அவ்வளவு பழையவை அல்ல என்பதால் இங்கே அந்தக் குழப்பம் வராது.

தையலைப் பார்ப்பது

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஓடு அல்ல. ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு. ஓடு கரைந்துபோய் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பலரும் இதைக் குறையாக நினைக்கிறார்கள். வகைப்படுத்துகிறவருக்கு அதுதான் கொடுப்பினை. தடுப்புச் சுவரின் ஓரம் ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட இடமே தையல். ஓடு மூடியிருந்தால் அது தெரியாது. ஓடு எஞ்சியிருக்கும் மாதிரி கிடைத்தால் தையலைப் பார்க்கும் ஆசையில் அதை உரித்துவிடாதீர்கள். தானாகவே உதிர்ந்த ஒரு மூலை எங்காவது இருக்கும், அங்கே பாருங்கள்.

பழைய பல்துலக்கும் தூரிகையால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய விட்டு, மறுபடி ஈரத் துணியால் ஒற்றுங்கள். கல்லின் நிறம் ஆழ்ந்து, தையல் வெளிறிய கோடாக எழுந்து வரும் கணம் ஒன்று உண்டு. மேசை விளக்கை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். ஆய்வகங்களில் அமோனியம் குளோரைடுப் புகை பிடித்து மாதிரியை வெண்மையாக்கிப் படமெடுப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். சாய்ந்த ஒளியும் 10 மடங்கு உருப்பெருக்கியும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடத்தில் துணி மடிப்பு மடிப்பாக வளைந்து நிற்கிறது. அம்மோனைட்டின் தடுப்புச் சுவர் நடுவில் ஓரளவு சமதளமாக இருந்து, ஓட்டை நெருங்க நெருங்க இப்படிக் கொசுவமாகிறது. ஓட்டின் வாயை, அதாவது திறந்த முனையை, நோக்கி முன்னால் புடைக்கும் வளைவுக்குச் சேணம் என்றும், உட்புறம் நோக்கிப் பின்வாங்கும் வளைவுக்கு மடல் என்றும் பெயர். எது முன், எது பின் என்று குழம்பினால், சுற்று எந்தப் பக்கம் தடித்துக்கொண்டு போகிறதோ அந்தப் பக்கம் வாய்.

மெல்லிய தாளை ஈரத்தில் ஒட்டி, அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கி, ஒரே ஒரு தையலைக் கூர்நுனிப் பேனாவால் பிரதியெடுங்கள். வெளி விளிம்பின் நடுவில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, தொப்புளில், அதாவது சுருளின் நடுப்பள்ளத்தில், முடிக்க வேண்டும். தொடங்கிய இடத்தில் வாயை நோக்கி ஓர் அம்பு போடுங்கள். உலகெங்கும் அம்மோனைட்டுத் தையல் படங்களில் அந்த அம்பு இருக்கும். அது இல்லாத படம் தலைகீழாகப் படிக்கப்படும்.

எந்தத் தையலைத் தேர்ந்தெடுப்பது? கடைசி இரண்டு மூன்று தையல்கள் வழக்கத்தைவிட நெருங்கிக் கிடந்தால், அந்த விலங்கு வளர்ந்து முடித்துவிட்டது என்று பொருள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் வரைவதற்கு அவற்றுக்குச் சற்று முந்தைய ஒன்றை எடுங்கள். மிகவும் தேய்ந்த இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். நுண்ணிய பற்கள் எல்லாம் சுவரின் வெளி ஓரத்தில்தான் இருக்கின்றன. அந்த ஓரம் தேய்ந்துபோனால் மிகச் சிக்கலான தையலும் எளிமையாகத் தெரியும். ஓடை உருட்டிய ஒரு கல்லை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாரம் தவறான வரிசையில் தேடியது இதனால்தான்.

மூன்று பெரிய தையல்கள்

வரைந்த கோட்டைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். பற்களே இல்லாமல் வளைவும் கோணமுமாக மட்டும் போனால் கோனியட்டைட்டு வகை. டெவோனியனிலிருந்து பெர்மியன் வரை இதன் காலம். பெர்மியனுக்குப் பிறகு டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்ற மூன்று காலங்கள் இதே வரிசையில் வருகின்றன. சேணங்கள் வழவழப்பாகவும் மடல்களின் அடி மட்டும் ரம்பப் பல் போலவும் இருந்தால் செரட்டைட்டு வகை. இது டிரையாசிக் காலத்தின் அடையாளம், இமயத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. சேணம், மடல் இரண்டும் கொத்தமல்லி இலையின் ஓரம் போல வெட்டு வெட்டாக இருந்தால் அம்மோனைட்டு வகை. ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலக் கடல்களை நிறைத்தவை இவை.

இந்த மூன்றும் தையலின் வகைகள். இவற்றையே மூன்று வரிசைகள் என்று மனப்பாடம் செய்வதால் வரும் தொல்லையை வகுப்பறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மோனாய்டியா என்ற துணைவகுப்புக்குள் இன்று பொதுவாகக் கொள்ளப்படும் வரிசைகள் அகோனியட்டைட்டிடா, கிளைமீனிடா, கோனியட்டைட்டிடா, புரோலெகானிட்டிடா, செரட்டைட்டிடா, அம்மோனைட்டிடா ஆகியவை. ஒரு வரிசைக்குள்ளேயே தையல் எளிமையிலிருந்து சிக்கலுக்கும், சிலசமயம் சிக்கலிலிருந்து மீண்டும் எளிமைக்கும் போயிருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்து டிஸ்ஸோஷியாவின் தையலைப் பார்த்தால் செரட்டைட்டு என்றே சொல்லத் தோன்றும். டிரையாசிக் முடிந்து 10 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த விலங்கு அது. போலிச் செரட்டைட்டுகள் என்றே இவற்றைச் சொல்கிறார்கள்.

நான் "எங்கே எடுத்தாய்?" என்று முதலில் கேட்பது இதனால்தான். பாறையின் வயது தெரிந்தால் பாதி வரிசைகளை உடனே விலக்கிவிடலாம். அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் பரவிய இந்தக் கடல் படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றுமே கிரெட்டேசியஸ். ஆகவே இங்கே எடுத்த அம்மோனைட்டு எதுவானாலும் அம்மோனைட்டிடா வரிசைதான். ஆவணங்களில் குலக்கல்நத்தம் என்று ஒரு பாறை அடுக்கின் பெயரைப் பார்த்தால் தயங்காதீர்கள், அது நம் கொளக்காநத்தம்.

வரிசைக்குள் இறங்குவது

அம்மோனைட்டிடாவுக்குள் நான்கு துணைவரிசைகள் வழக்கில் உள்ளன. தையலை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேணங்களின் நுனி உருண்ட சிற்றிலைகளாக முடிந்தால் ஃபைல்லோசெரட்டினா. அந்தப் பெயருக்குள் இருப்பதே இலை என்ற கிரேக்கச் சொல். மடல்களும் சேணங்களும் எண்ணிக்கையில் குறைவாக, ஒவ்வொன்றும் ஆழமாக இரண்டாகப் பிளந்து, சுற்றுகள் ஒன்றையொன்று மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு வட்டமான குறுக்குவெட்டோடு இருந்தால் லைட்டோசெரட்டினா. பக்கவாட்டு மடல் மூன்று நுனிகளாகப் பிரிந்து, தொப்புளை நோக்கி மேலும் பல சிறு மடல்கள் அடுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் அம்மோனைட்டினா.

நான்காவதான ஆன்சைலோசெரட்டினாதான் வடிவத்தை நம்புகிறவர்களை நன்றாகத் தடுமாற வைப்பது. பாக்குலைட்டிஸ் நேரான தடி. டரிலைட்டிஸ் கோபுரம் போல ஏறிச் சுழலும், கடல் நத்தை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஸ்காஃபைட்டிஸ் சுருண்டு, பிறகு நிமிர்ந்து, மீண்டும் கொக்கியாக வளையும். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தால் ஒரே துணைவரிசை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் பெரும்பாலான அம்மோனைட்டினாக்களின் முதல் தையலில் ஐந்து மடல்கள் இருக்கின்றன. இவற்றின் முதல் தையலில் நான்குதான். முதல் தையல் என்பது முட்டையிலிருந்து வெளிவரும் பருவத்து உள் சுருளில் இருப்பது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தச் சுருளை ஆய்வகத்தில் பக்குவமாகப் பிரித்தெடுத்தால்தான் பார்க்க முடியும். நாம் வீட்டில் செய்யக்கூடியது அல்ல. ஆனால் தடியையும் கோபுரத்தையும் கொக்கியையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்த காரணம் அந்தச் சின்னஞ்சிறு கோட்டில்தான் இருக்கிறது என்பதை நினைக்கும்போது, எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

சுருண்ட வடிவங்களிலும் இதே தொல்லைதான். கத்தி போல விளிம்பு கூர்ந்த தட்டையான வட்டு டிரையாசிக்கிலும் உண்டு, ஜுராசிக்கிலும் உண்டு, கிரெட்டேசியஸிலும் உண்டு. உறவில்லாத வம்சங்கள் நீரைக் கிழித்து நீந்த ஒரே வடிவத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்திருக்கின்றன. இதைவிடக் குழப்பம் ஆண் பெண் வேறுபாடு. ஒரே சிற்றினத்தில் ஒன்று பெரிய ஓடாகவும் மற்றது சிறிய ஓடாகவும், சிறியதன் வாயோரம் காது போல நீண்டும் இருக்கும். பெரியது பெண் என்பது பொதுவான கருத்து. இது புரிவதற்கு முன் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பேரினப் பெயர் வைத்த நிகழ்வுகள் நிறைய. ஒரே இடத்தில், ஒரே அடுக்கில், உள் சுற்றுகள் ஒன்றுபோல இருக்கும் சிறியதும் பெரியதும் கிடைத்தால் இரண்டு பெயர் தேடி ஓடாதீர்கள்.

அளவும் அலங்காரமும்

தையல் துணைவரிசை வரை கொண்டுவந்துவிடும். அதற்குக் கீழே குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் ஓட்டின் அளவுகளும் அலங்காரமும் தேவை. வெர்னியர் அளவுகோலால் நான்கு அளவுகள் எடுங்கள்: முழு விட்டம், தொப்புளின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அதன் தடிப்பு. தொப்புளை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் முக்கியம். அது சிறியதாக இருந்தால் வெளிச் சுற்று உள் சுற்றுகளை மூடிக்கொண்டிருக்கிறது. பெரியதாக இருந்தால் சுருட்டி வைத்த கயிறு போல எல்லாச் சுற்றும் தெரிகின்றன.

பிறகு வெளி விளிம்பு. உருண்டையா, தட்டையா, நடுவில் வரம்பு ஓடுகிறதா? விலாக் கோடுகள் நேராகப் போகின்றனவா, வளைகின்றனவா, வழியில் இரண்டாகப் பிரிகின்றனவா? அவற்றின் மேல் முண்டுகள் எத்தனை வரிசை? சுற்றை யாரோ நூலால் இறுக்கிக் கட்டியதுபோல இடையிடையே குறுகிய பள்ளங்கள் உண்டா? ஊட்டத்தூர் தொகுதியில் வெளி விளிம்பில் வரம்பு ஓட, சதுரமான குறுக்குவெட்டும் முண்டுள்ள விலாக்களும் சேர்ந்து வந்தால் நான் முதலில் மார்ட்டானிசெரஸ் பக்கம் திரும்புவேன். வரம்பு இல்லாமல் வெளி விளிம்பின் நடுவிலும் முண்டு வரிசை இருந்தால் அக்காந்தோசெரஸ் குடும்பத்தைப் பார்ப்பேன். இளம் ஓட்டில் முண்டு நிறைந்து, வளர வளர வழவழப்பாகும் வகைகளும் உண்டு. அதனால் எந்த விட்டத்தில் எந்த அலங்காரம் என்று சேர்த்தே எழுத வேண்டும்.

பெயரைப் படிக்கும் முறை

தொல்லுயிர்ச் சின்னங்களின் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். முடிவைப் பாருங்கள். 'ஐடா' என்று முடிந்தால் வரிசை, 'இனா' துணைவரிசை, 'ஆய்டியா' பெருங்குடும்பம், 'ஐடே' குடும்பம். அம்மோனாய்டியா மட்டும் பெருங்குடும்பத்தின் வால் கொண்ட துணைவகுப்பு. அந்த ஒன்றில் கவனம் வேண்டும்.

நம் ஊர்க் கற்களுக்குப் பெயர் வந்த கதை இந்த முறையை நன்றாக விளக்கும். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் சேகரித்த சின்னங்கள் லண்டன் போயின. இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை 1846இல் விவரித்தார். அம்மோனைட்டஸ் பிரம்மா, அம்மோனைட்டஸ் சிவா, அம்மோனைட்டஸ் விஷ்ணு, அம்மோனைட்டஸ் இந்திரா, அம்மோனைட்டஸ் சூர்யா என்று நம் தெய்வங்களின் பெயர்களையே வைத்தார். அக்காலத்தில் ஒரே தளத்தில் சுருண்ட அம்மோனைட்டு பெரும்பாலும் அம்மோனைட்டஸ் என்ற ஒரே பேரினம்தான். தையலும் அலங்காரமும் கூர்ந்து பார்க்கப்பட்ட பிறகு அந்தப் பேரினம் நூற்றுக்கணக்கில் பிரிந்தது. பிரம்மா இன்று பிரம்மைட்டிஸ் பிரம்மா (ஃபோர்ப்ஸ்). இந்திரா இன்று சூடோஃபைல்லைட்டிஸ் இந்திரா (ஃபோர்ப்ஸ்). பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த சிற்றினப் பெயர் நிலைத்தது, பேரினம் பிறகு மாறியது என்று பொருள். எங்கே இந்த அடைப்புக்குறியைக் கண்டாலும் பின்னால் ஒரு மறுபரிசீலனை நடந்திருக்கிறது என்று அறியலாம்.

ஃபோர்ப்ஸுக்குப் பின் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைபடமாக்கினார். மொராவியாவிலிருந்து வந்து 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களை விரிவாக விவரித்தார். யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874இல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு 36 வயதுதான். அரியலூரின் பெயரால் அவர் வைத்த சிற்றினப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஊட்டத்தூரின் பெயரில் ஊட்டாட்டூரிசெரஸ் என்ற பேரினமே உண்டு. 1890களில் நிலவியலாளர் ஃபிரான்ஸ் கோஸ்மாட் மீண்டும் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அவர் பெயரிலும் ஒரு பேரினம் இருக்கிறது. கீழே என் மாதிரியில் அது வரும்.

தெய்வப் பெயர் என்றதும் சாளக்கிராமத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் நேபாளத்தில், கண்டகி நதியின் பக்கம் இருக்கிறது. அந்த நதி உருட்டிவரும் கரிய உருண்டைகளுக்குள் சக்கரமாகத் தெரிவது ஜுராசிக் கால அம்மோனைட்டின் சுருள். என் பெரியம்மா வீட்டுப் பூசையறையில் ஒன்று இருந்தது. திருமஞ்சனத்தின்போது நீர் வழிய வழிய அதன் விலாக் கோடுகள் எழுந்து வரும். கல்லை நனைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அதை அளந்து பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் இருந்தாலும் கேட்காதீர்கள்.

ஒரு மாதிரியை முழுதாகப் பார்ப்போம்

கருடமங்கலம் பக்கம் வயல்கிணறு வெட்டிய மண்மேட்டிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த கல் என்னிடம் இருக்கிறது. பழுப்பு நிறம், ஒரு பக்கம் முழுமை, மறுபக்கம் பாறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழு விட்டம் 84 மில்லிமீட்டர். தொப்புள் 26. கடைசிச் சுற்றின் உயரம் 34, தடிப்பு 33. தொப்புளுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 0.31, அதாவது சுற்றுகள் பாதியளவு மூடியவை. உயரமும் தடிப்பும் ஏறக்குறைய சமம் என்பதால் குறுக்குவெட்டு உருண்டை.

உடைந்த முகத்தில் குழல் வெளி விளிம்பில் இருக்கிறது. ஆகவே நாட்டிலஸ் அல்ல. தையலில் கொத்தமல்லி வெட்டு எல்லா இடத்திலும் உண்டு, பக்கவாட்டு மடல் மூன்று நுனி, தொப்புள் பக்கம் சிறு மடல்கள் சாய்ந்து இறங்குகின்றன. அம்மோனைட்டினா என்று எழுதினேன். வெளி விளிம்பில் வரம்பு இல்லை. தொப்புள் ஓரத்தில் சின்ன முண்டுகள், ஒவ்வொரு முண்டிலிருந்தும் மெல்லிய விலாக்கள் கொத்தாகக் கிளம்பி வெளி விளிம்பைத் தாண்டிப் போகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கட்டிய நூல் அழுந்தியதுபோல ஆறு பள்ளங்களை எண்ணினேன். இந்தப் பள்ளங்களும் கொத்து விலாக்களும் சேர்ந்து வரும் இடம் டெஸ்மோசெரட்டாய்டியா பெருங்குடும்பத்தின் கோஸ்மாட்டிசெரட்டிடே குடும்பம். திருச்சிராப்பள்ளித் தொகுதியில் இந்தக் குடும்பத்தின் பெயர்பெற்ற பேரினம் கோஸ்மாட்டிசெரஸ். இடமும் ஒத்துப்போகிறது.

இதே பேரினத்தில் ஸ்டோலிஸ்கா பெயரிட்ட தியோபால்டியானம் என்ற சிற்றினம் இந்த அடுக்குகளுக்குப் புகழ்பெற்றது. என் கல் அதுவாக இருக்கலாம் என்று ஆசை வந்தது. ஆனால் மறுபக்கம் பாறைக்குள் மறைந்திருக்கிறது, விலங்கின் உடல் இருந்த கடைசி அறையின் முன்பாதி உடைந்துபோயிருக்கிறது. அப்படியானால் சிற்றினப் பெயரை எழுதக் கூடாது. பேரினத்தோடு நிறுத்தி, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை என்று குறித்தேன். ஒரு சிற்றினத்தை ஒத்திருக்கிறது, உறுதியில்லை என்றால் அதற்கு 'ஒப்பிடுக' என்ற குறியைப் போடும் வழக்கமும் நிபுணர்களிடம் உண்டு. இருப்பதைவிடக் கூடுதலாகச் சொல்லும் பெயர், பின்னால் வருகிறவரைத் தவறான பாறைக்கு அழைத்துப்போகும்.

சீட்டு

ஒரு பள்ளியில் பிள்ளைகள் பத்து ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் ஒரு மர அலமாரியில் இருந்தன. வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டார்கள். காகிதச் சீட்டுகள் தனியாகப் பறந்துவிட்டன. கற்கள் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் எது எந்த ஓடையில் கிடைத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்று மாலை அந்தச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு நான் செய்வது இது: கல்லின் அடிப்பக்கம், தையல் இல்லாத இடத்தில், ஒரு விரல்நுனி அளவுக்கு வெள்ளை வண்ணம் தடவி, காய்ந்ததும் இந்திய மையால் எண் எழுதி, மேலே நிறமற்ற நகப்பூச்சு ஒரு கை. அதே எண் நோட்டிலும் இருக்கும்.

பட்டா நிலமானால் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், அந்தக் குழிச்சுவர்கள் சரியும். பாறையில் பதிந்திருப்பதைச் சுத்தியால் அடித்துப் பெயர்க்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிட்டு வாருங்கள். சாத்தனூர் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. நல்ல மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். போகும்போது உங்கள் தையல் படத்தைக் கையில் கொண்டுபோங்கள், கல்லைவிட அது உதவும்.

என் நோட்டில் அந்தக் கல்லின் பக்கம் இப்படி இருக்கிறது: எண் 112. கருடமங்கலம், வயல்கிணற்று மண்மேடு, கிணற்றின் எந்த ஆழம் என்று தெரியவில்லை. திருச்சிராப்பள்ளித் தொகுதி. அச்சு, ஓடு இல்லை. விட்டம் 84, தொப்புள் 26, உயரம் 34, தடிப்பு 33. பள்ளங்கள் 6. தையல் படம் எதிர்ப்பக்கத்தில், 70 மில்லிமீட்டர் விட்டத்தில் வரைந்தது. கோஸ்மாட்டிசெரஸ், சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை. கண்டெடுத்தவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி.